ஒப்பந்தம் முடியும் நேரத்தில் கையில் இன்னொரு ஆஃபர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி நிறுவனத்தில், ஏஜென்சி பே-ரோலில் (சம்பளம் தருவது ஏஜென்சி) வேலை செய்கிறேன். அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. அதே சம்பளத்தில் ஓராண்டு நீட்டிக்கிறோம் என்கிறார்கள். வெளியே நிரந்தர வேலைக்கு 14 லட்சம் ஆஃபர் வந்திருக்கிறது. யாரிடம் பேசுவது?

முதலில் டீம் மேனேஜரிடம். ஏஜென்சி எச்ஆரிடம் ஆரம்பித்தால், "கிளையன்ட் கொடுக்கும் ரேட் இவ்வளவுதான்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அந்த ரேட்டை உயர்த்தச் சொல்லிக் கேட்கக்கூடியவர் மேனேஜர்தான். நீங்கள் பாதியில் போனால் ரிலீஸ் தள்ளிப்போகும் கவலையும் அவருக்குத்தான். "இங்கேயே தொடர விருப்பம். வெளியே ஒரு ஆஃபர் இருக்கிறது, 20-ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். மாதம் இவ்வளவு என்றால் உடனே சம்மதம்" என்று சொல்லுங்கள். ஒரே தொகை, ஒரே தேதி. அப்புறம் அவர் பேசட்டும். மௌனம் நீள்கிறதே என்று நீங்களாகத் தொகையைக் குறைக்காதீர்கள்.

அதற்கு முன் அந்த 14 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். நிறுவனம் கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி (பணிக்கொடை), வேரியபிள் (நிச்சயமில்லாத ஊக்கத்தொகை) எல்லாம் பெரும்பாலும் அந்த சிடிசிக்குள், அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்த ஆண்டுச் செலவுக்குள்தான் இருக்கும். வேரியபிளை ஒதுக்கிவிட்டு, மாதம் கையில் வருவதைக் கணக்கிடுங்கள். இப்போது உங்களுக்குப் பிஎஃப் பிடிக்காமல், 10% டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) மட்டும் கழித்துப் பணம் வருகிறதா? அப்படியானால் காகிதத்தில் நீங்கள் ஊழியர் அல்ல, ஆலோசகர். சம்பளத்துடன் விடுப்பு, பிஎஃப் இரண்டையும் நீங்களே ஈடுகட்ட வேண்டும், ஆகவே கேட்கும் தொகையில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊழியராகவே இருந்தால், நீட்டிப்புக் கடிதத்தில் 'குறிப்பிட்ட கால ஊழியர்' என்று போடச் சொல்லிக் கேளுங்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், அப்படிப்பட்டவர்களுக்கு ஓராண்டு சேவைக்கே கிராஜுவிட்டி உண்டு. முன்பு ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆஃபர் லெட்டரைக் காட்டச் சொல்கிறார்கள். காட்டலாமா?

வேண்டாம். தொகையும் கெடுவும் சொன்னால் போதும், நிறுவனத்தின் பெயர்கூடத் தேவையில்லை. ஆனால் தொகையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். "அப்படியா, அங்கேயே போங்கள்" என்று சொல்லிவிட்டால், இல்லாத சம்பளத்துக்குப் போக முடியாது.

துபாயில் இருக்கிறேன். இரண்டு வருட ஒப்பந்தம் முடியப் போகிறது. ஷார்ஜாவில் வேறு வேலை கிடைத்திருக்கிறது. இங்கே அலவன்ஸை மட்டும் ஏற்றித் தருகிறேன் என்கிறார்கள்.

அடிப்படைச் சம்பளத்தை ஏற்றச் சொல்லுங்கள். அமீரகத்தில் பணிக்கொடை கடைசி அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது: முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதன் பிறகு 30 நாள். அலவன்ஸ் எவ்வளவு ஏறினாலும் இதில் ஒரு திர்ஹம்கூட அதிகமாகாது.

இன்னொன்று. ஒப்பந்தம் முடிந்தும் எதுவும் பேசாமல் இருவரும் வேலையைத் தொடர்ந்தால், பழைய நிபந்தனைகளிலேயே அது நீட்டிக்கப்பட்டதாக அங்குள்ள சட்டம் கருதும். அதனால் முடிவுத் தேதிக்கு முன்பே உங்கள் கோரிக்கையை மெயிலில் அனுப்பிவிடுங்கள்.

நீட்டிப்புக் கடிதத்தில், நடுவில் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்று இருக்கிறது. இதெல்லாம் செல்லாது என்கிறார் நண்பர்.

முழுவதும் சரியில்லை. வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று தடுப்பதுதான் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஒப்புக்கொண்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்டச் சொல்லும் பாண்டு வேறு விஷயம். விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அது பொதுத்துறை வங்கியின் ஆள்சேர்ப்புச் செலவையும் கருத்தில் கொண்ட தீர்ப்பு. எல்லா நிறுவனமும் அதைக் காட்டி மிரட்ட முடியாது. நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். என்றாலும் கோர்ட் வரை போகும் நிலைமை உங்களுக்கு எதற்கு? கையெழுத்துக்கு முன், வேலை செய்யும் ஒவ்வொரு மாதத்துக்கும் அந்தத் தொகை குறைந்துகொண்டே வரும்படி மாற்றித் தரச் சொல்லுங்கள். கையில் வேறு ஆஃபர் இருக்கும்போது கேட்டால்தான் உங்கள் பேச்சு எடுபடும்.

உயர்த்தித் தருகிறோம் என்று வாயால் சொல்லிவிட்டார்கள். கடிதம் வரவில்லை. வெளியே ஆஃபர் கொடுத்த நிறுவனத்தில் திங்கட்கிழமை சேர வேண்டும்.

தயவுசெய்து கடிதம் வராமல் அந்த ஆஃபரை விட்டுவிடாதீர்கள். அங்கே ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள், பல இடங்களில் தருவார்கள். இங்கே, "வெள்ளிக்கிழமை மாலைக்குள் திருத்திய கடிதம் வந்தால் தொடர்கிறேன்" என்று மேனேஜருக்கும் ஏஜென்சிக்கும் சேர்த்து ஒரே மெயில் போடுங்கள். வரவில்லையென்றால் திங்கட்கிழமை அங்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.