போஸ் கொடுத்தது நான். கேஸும் என் மேலேயே வருமா?

கேள்வி: எனக்கு வயது 25, கோவையில் ஐடி வேலை. ஓர் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) விழாவுக்கு, கதாபாத்திரம்போல் உடுத்தும் காஸ்ப்ளே வேஷத்தில் போனபோது, தோழியின் கேமராவுக்கு விளையாட்டாக 'அஹேகாவோ' முகம் காட்டினேன். கண்மணியை மேலே ஏற்றி, நாக்கைத் தொங்கவிடும் அந்த முகம்தான். அவள் தன் பக்கத்தில் போட்ட படத்தை யாரோ எடுத்து, அசிங்கமான வாசகம் சேர்த்துப் பரப்பிவிட்டார். இன்னொரு படத்தில் என் முகத்தை நிர்வாண உடலில் ஒட்டியிருக்கிறார்கள். புகார் கொடுத்தால் என் மீதே வழக்கு வரும் என்கிறார் மாமா. நிஜமா?

பதில்: மாமாவின் பயம் வீண். அந்த முகம் ஜப்பானின் வயதுவந்தோர் காமிக்ஸிலும் அனிமேஷனிலும் பிறந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அங்கே ஆபாசத்தைத் தண்டிக்கும் தண்டனைச் சட்டம் 175-ம் பிரிவுக்குப் பயந்து அந்தரங்க உறுப்புகளை மொசைக் போட்டு மறைப்பார்கள். முகத்துக்கு அது கிடையாது. அதனால்தான் ஓவியர்கள் மிகையெல்லாம் முகத்தில் கொட்டினார்கள் என்று சொல்வதுண்டு. அமெரிக்காவில் சில அனிமே விழாக்களில் அந்த முகங்கள் அச்சிட்ட ஹூடிக்குத் தடை உண்டு. அது விழா நடத்துபவர்களின் உடை விதி, அவ்வளவுதான்.

நம் சட்டம் முகத்தின் பூர்வீகத்தைக் கேட்பதில்லை, படத்தைப் பார்க்கிறது. 2014-ல் அவீக் சர்க்கார் வழக்கில், ஒரு படத்தை முழுச் சூழலோடு, இன்றைய சமூகத்தின் அளவுகோலில் பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். முழு உடையில் நாக்கை நீட்டி நிற்கும் பெண்ணைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கலாம். அது ஆபாசக் குற்றமாகாது என்பதே என் கருத்து.

புகாரில் இரண்டு படங்களையும் ஒரே பத்தியில் போட்டுக் குழப்பாதீர்கள். ஒட்டுப்படம் முதலில் வரட்டும். ஆபாசப் படத்தை இணையத்தில் பரப்பினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-ம் பிரிவில் முதல் முறைக்கு 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். படத்தில் பாலியல் செயலும் இருந்தால் 67ஏ. 5 ஆண்டு, 10 லட்சம். 66இ-யையும் சேர்க்கச் சொல்வார்கள். அது ஒருவரின் நிஜமான அந்தரங்க உறுப்பைச் சம்மதமின்றிப் படமெடுப்பவருக்கும் பரப்புபவருக்குமானது, ஒட்டுவேலைக்குச் சரியாகப் பொருந்தாது.

அசல் படத்தில் குற்றம் அந்த வாசகத்தில் இருக்கிறது. பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் சொல்லுக்கும் செயலுக்குமான 79-ம் பிரிவைக் கேளுங்கள். போஸ் கொடுக்கச் சம்மதித்தவர், யாரோ எழுதும் அசிங்கத்துக்கும் சம்மதித்ததாக ஆகாது. இன்னொரு பிடியும் இருக்கிறது: காசு வாங்காமல் எடுத்த போட்டோவின் காப்புரிமை எடுத்த தோழிக்குத்தான். நீக்கச் சொல்லி அவரும் தனியாகப் புகார் அனுப்பலாம்.

ஒட்டுப்படத்தை நீக்க அந்தந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு இன்றே எழுதுங்கள். 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் வந்தபோதே இதற்கு 24 மணி நேரம்தான் கெடு. அதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்; லிங்க், கணக்கின் பெயர், தேதி எல்லாம் தெரியட்டும், வெட்டாதீர்கள். "பாருடி, என்ன பண்ணியிருக்கான்" என்று தோழிகளுக்கு ஃபார்வர்ட் செய்யவும் வேண்டாம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி இன்ஸ்பெக்டரோ அதற்கு மேற்பட்டவரோதான் விசாரிக்க முடியும். அதனால் நேராக சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கே போங்கள், மாமாவையும் கூட்டிக்கொண்டு. உடனே எஃப்ஐஆர் போடாவிட்டாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் அங்கிருந்து எழுந்து வராதீர்கள்.