யோசெமிட்டிக்கு 8 பேர்: கேஸ், கயிறு, கூடாரம்

அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் பாறை ஏறப் போகிறீர்கள். அங்குள்ள கேம்ப் 4 என்ற கூடார முகாமில் 8 பேருக்கு ஒரு இடம் போதுமா, அடுப்புக்கு கேஸ் கொண்டுபோகலாமா, ஏறுவதற்கு 60 மீட்டர் கயிறு சரியா என்று கேட்டிருந்தீர்கள்.

ஒரு இடத்துக்கு 6 பேர்தான், அதனால் இரண்டு எடுங்கள். கேஸ் டப்பாவை விமானத்தில் கைப்பையிலும் வைக்க முடியாது, செக்-இன் பெட்டியிலும் முடியாது. அங்கே போய் வாங்குங்கள். அடுப்பை எரிபொருள் வாசனையே இல்லாமல் கழுவி எடுத்துப் போங்கள்.

கயிறு சரிதான். ஆனால் கயிறு மேலே போய்த் திரும்பி வர வேண்டும் என்பதால், 30 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள ஆங்கரிலிருந்து (பாறையில் கயிற்றை மாட்டும் பிடிமானம்) அதில் ஆளை இறக்க முடியாது. எப்படியும் கயிறு நழுவிவிடாமல் அதன் மறுமுனையில் முடிச்சு இருக்கட்டும்.

எனக்கு உறுத்துவது நீங்கள் கேட்காத ஒன்று. உங்களில் இருவர் செயற்கைச் சுவர் ஜிம்மில் லீட் (கயிற்றைத் தானே மேலே கொண்டுபோய் மாட்டிக்கொண்டே ஏறுவது) ஏறியவர்கள் என்கிறீர்கள். யோசெமிட்டியில் பெரும்பாலும் பாறை விரிசலைப் பிடித்து ஏறுவது, கயிற்றை மாட்டப் பாறையில் பதித்துவைத்த போல்ட் குறைவு. விரிசலில் கேம், நட் என்ற உலோகப் பிடிகளைப் பொருத்தி, அது விழுகையைத் தாங்குமா என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும். ஜிம்மில் அந்தப் பழக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்காவது ஒரு வழிகாட்டியை அமர்த்துங்கள், செலவைப் பார்க்காதீர்கள்.

அப்புறம், சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சோப்புகூடக் கூடாரத்தில் வேண்டாம். கரடிகள் உண்டு. அங்குள்ள இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.