சிறுநீர்ப்பை வலிக்கான மருந்துச் சோதனையில் அக்காவைச் சேர்க்கலாமா? வெறும் மாத்திரை விழுந்தால் வீண்தானே?

உங்கள் அக்காவுக்குப் பல வருடமாக அடிவயிற்று வலி, ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போகவேண்டியிருக்கிறது, சிறுநீர்க் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி இல்லை. இப்போது தஞ்சாவூரில் ஒரு மருந்துச் சோதனையில் சேரச் சொல்கிறார்கள், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரையாமே என்று கேட்டிருக்கிறீர்கள். கிருமியே இல்லாமல் சிறுநீர்ப்பை வலிக்கிற இதை டாக்டர்கள் இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைடிஸ் என்பார்கள். எனக்கும் இதே நோய்தான், நான் மன்னார்குடிப் பக்கம். வீண் இல்லை என்றுதான் சொல்வேன், ஆனால் கையெழுத்துப் போடும் முன் சிலவற்றைக் கேட்டே ஆகவேண்டும்.

இந்த வலி தானாக ஏறும், தானாக இறங்கும். நம் ஊரில் நீர்க்கடுப்பு, உடம்புச் சூடு என்று இளநீரும் வெந்தயமும் கொடுப்பார்கள், வலி தணிகிற வாரத்தில் எது உள்ளே போனதோ அதற்கே பெயர் கிடைக்கும். எனக்குக் கிருமியே இல்லாமல் மாற்றி மாற்றி ஆன்டிபயாடிக் எழுதினார்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாள் குறையும், அப்புறம் பழையபடி ஆகிவிடும். குறைந்தது மாத்திரையாலா தானாகவா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் சோதனையில் ஒரு பகுதிப் பேருக்கு வெறும் மாத்திரை கொடுக்கிறார்கள்.

பென்டோசான் மாத்திரையையே பாருங்கள். இந்த நோய்க்காக அமெரிக்காவில் 1996-இல் அனுமதி பெற்றது, விலையும் அதிகம். 368 பேரை வைத்துச் செய்து 2015-இல் வெளியான சோதனையில், முழு அளவு மருந்து எடுத்தவர்களில் சுமார் 43 சதவீதம் பேருக்குத் தொந்தரவு நன்றாகக் குறைந்தது, வெறும் மாத்திரை எடுத்தவர்களிலும் சுமார் 41 சதவீதம் பேருக்குக் குறைந்தது. வித்தியாசமே இல்லை என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2018-இல் இதை நெடுநாள் சாப்பிட்ட சிலருக்கு விழித்திரை கெடுவது தெரியவந்தது, 2020-இல் மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை சேர்த்தார்கள். அப்படியிருக்க, வெறும் மாத்திரை கிடைத்தவர் ஏமாந்தார் என்று எப்படிச் சொல்வது? உங்கள் அக்கா இப்போது பென்டோசான் சாப்பிடுகிறார் என்றால் கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இதே ஒப்பீட்டு முறைதான் பலன் தருவதையும் காட்டிக்கொடுத்தது. இடுப்புத்தளத் தசையின் இறுக்கத்தைக் கையால் தளர்த்தும் பிசியோதெரபியைச் சாதாரண மசாஜோடு 81 பெண்களிடம் ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்டார்கள்: பிசியோதெரபியில் 59 சதவீதம் பேர் தேறினார்கள், மசாஜில் 26 சதவீதம்தான். இந்தச் சிகிச்சை தெரிந்தவர்கள் டெல்டாவில் எளிதில் கிடைப்பதில்லை, எனக்கு அதில் பெரிய ஆதங்கம் உண்டு.

சரி, என்ன கேட்க வேண்டும்? முதலில், நோய் இதுதான் என்று உறுதியா? நம் நாட்டில் சிறுநீர்ப்பைக் காசநோயும் இப்படியே வலிக்கும், கல்லும் புற்றுநோயும் இல்லை என்று தெரியவேண்டும். சிஸ்டோஸ்கோபி, அதாவது சிறுநீர்ப்பைக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்த்து, உள்சுவரில் ஹன்னர் புண் என்கிற அழற்சிப் புண் இருந்தால் அதைக் கருக்குவது, அதிலேயே ஊசி போடுவது என்று வேறு வழி இருக்கிறது, அவருக்கு இந்தச் சோதனையே பொருந்தாமல் போகலாம். அடுத்து சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைகளின் பதிவேடு) பதிவு எண். 2009-லிருந்து மருந்துச் சோதனைகளை அங்கே பதிவு செய்வது கட்டாயம், எண் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் 2019 விதிகளில் இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகியதற்காக அவர்கள் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக்கூடாது. பஸ் செலவு, இப்போதைய மாத்திரைகளை நிறுத்தவேண்டுமா, பலன் கிடைத்தால் சோதனை முடிந்தபிறகும் மருந்து தருவார்களா, இதையும் விடாதீர்கள்.

சேர்ந்தால் எத்தனை முறை போனார், வலி எவ்வளவு என்று தினமும் குறிக்கச் சொல்வார்கள். நடவுக்குப் போகிற பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொள்கிறார்கள், அந்த நாட்களில் கணக்கே மாறிவிடும். அக்கா வயல் வேலைக்குப் போகிறவர் என்றால் அதையும் நோட்டில் எழுதி, சோதனைக்கு வரவேண்டிய தேதி கொடுக்கும்போதே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.