பேரம் பேசி வாங்கிய பவுன் காசைப் போலீஸ் கேட்கிறது, என்ன செய்வது?

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம், ஊடே மிளகுக் கொடி. மிளகு விற்ற பணத்தில் மகள் கல்யாணத்துக்குக் காசு மாலை செய்யலாம் என்று சேலத்தில் ஓர் அடகுக் கடையில் பழைய ராஜா தலைப் பவுன் காசு ஐந்து வாங்கினேன். அன்று கிராம் ஏறக்குறைய 10,000 ரூபாய். பேரம் பேசிக் காசு ஒன்று 71,000 என்று முடித்தேன். 1,00,000 ரூபாயை போனில் அனுப்பினேன், மீதி 2,55,000 ரொக்கம். பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், இந்த விலைக்கு வராதும்மா" என்று சொல்லி, துண்டுச் சீட்டில் எடையும் தொகையும் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து, அதில் இரண்டு காசு திருட்டுப் பொருள், எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வாருங்கள் என்று போலீஸிலிருந்து போன் வந்தது. கடைக்காரரோ, "அடிச்சுப் பேசி வாங்கினது நீங்கதானே" என்று கையை விரிக்கிறார். விலை குறைத்துக் கேட்டது என் தப்பா? காசைக் கொடுத்துவிட வேண்டுமா? என் பணம் வருமா? இன்னும் ஐந்து காசு வேண்டும், இனி அடகுக் கடைப் பக்கமே போகக் கூடாதா?
— வாசகி, ஏற்காடு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு காசையும் விற்காதீர்கள், உருக்கக் கொடுக்காதீர்கள், சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைக்காதீர்கள். வாங்கும்போது உங்களுக்கு எதுவும் தெரியாது என்பதுதான் இன்று உங்கள் கையில் இருக்கிற பெரிய பலம். ஐபிசிக்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ அதை நேர்மையில்லாமல் வாங்குவதை மட்டும் குற்றமாக்கவில்லை, வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. தண்டனை 3 ஆண்டு வரை போகும். வாங்கிய அன்று குற்றம் செய்யாதவர், போன் வந்த பிறகு மறைத்தால் அதில் மாட்டிக்கொள்வார். பயத்தில் காசை உருக்கிவிட்டுப் பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு வாதாட எனக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு.

பேரம் பேசியது தப்பே இல்லை. தன் பணத்தைக் கொடுத்து வாங்குகிறவர் விலை கேட்கத்தான் செய்வார். ஆனால் எவ்வளவு குறைத்துக் கிடைத்தது என்பதைப் போலீஸும் கோர்ட்டும் பார்க்கும், அதனால் உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ராஜா தலைக் காசின் முழு எடை 7.988 கிராம், 22 கேரட். நாம் பேச்சுக்கு 8 கிராம் என்கிறோம். கிராம் 10,000 என்றால் ஒரு காசு 79,880 ரூபாய். நீங்கள் கொடுத்தது 71,000. நூற்றுக்குப் பதினொன்று குறைவு. ஏன் என்று கேட்டால் சொல்ல உங்களிடம் காரணம் இருக்க வேண்டும். காசு தேய்ந்திருந்ததா? மாலையிலிருந்து எடுத்த காசாக வளையம் பற்றவைத்த தழும்போடு இருந்ததா? பொடி வைத்துப் பற்றிய காசுக்கு விலை குறைவது எல்லாக் கடையிலும் நடப்பதுதான். மீதி மூன்று காசில் அப்படித் தழும்பு இருந்தால் அதுவே உங்களுக்குச் சாட்சி.

எனக்கு வருத்தம் பில் விஷயத்தில்தான். தங்கத்துக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம். 3,55,000 ரூபாய்க்கு அது 10,650 ரூபாய். அதை மிச்சம் பிடித்ததற்கு இன்று 1,42,000 ரூபாய்க்கு ஆதாரம் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். விலையில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். பில்லைப் பேரத்தில் விட்டுக் கொடுக்காதீர்கள். பில் தராமல் விற்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 முறையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. அந்தத் தவறு கடைக்காரருடையது. ரொக்கமும் அப்படித்தான். ஒரே வியாபாரத்துக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் பணத்தை வாங்கிய அவருக்கு. உங்களிடம் கேட்கப்போவது அந்த ரொக்கம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும்தான். மிளகு வியாபாரி கொடுத்த சீட்டையும் பாஸ்புக்கையும் எடுத்து வையுங்கள்.

சரி, இப்போது ஸ்டேஷன். வெறும் போனுக்குப் பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். மரியாதையாக, "எழுத்தில் சம்மன் கொடுங்கள், முழு ஒத்துழைப்புத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். வரும் தாளில் என்ன பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். விசாரணை முறையைச் சொல்லும் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 94 என்றால் பொருளை ஒப்படைக்கக் கேட்கிறார்கள். 179 என்றால் சாட்சியாக விசாரிக்கிறார்கள். அந்த 179ஆவது பிரிவே, பெண்ணைச் சாட்சியாக விசாரிக்க அவர் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கும் வரச் சொல்லக் கூடாது என்கிறது. ஏற்காட்டு வீட்டிலேயே விசாரிக்கச் சொல்லி நீங்கள் கேட்கலாம். 35(3) என்று இருந்தால் மட்டும் உங்களைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அதை ஒதுக்கிவிடாதீர்கள், சொன்ன தேதிக்குப் போக வேண்டும், கூடவே ஒரு வக்கீல் வர வேண்டும்.

கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு காசையும் தராசில் வைத்து, எடை தெரியும்படி போட்டோ எடுங்கள். ராஜா தலைப் பக்கம், குதிரை வீரன் பக்கம், விளிம்பு என மூன்றும். இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. அஸ்தம்பட்டி கோர்ட்டில் ஒரு வழக்கில், அரக்கு முத்திரை உடைத்துத் துணிப் பையிலிருந்து காசை மேசையில் வைத்தார்கள். புகார் கொடுத்த பாட்டி கண்ணாடியைக்கூட மாட்டவில்லை. விரலால் விளிம்பைத் தடவி, வளையம் பற்றிய இடத்தில் இருந்த ஒரு சின்ன மேட்டைத் தொட்டதும், "இது எங்கம்மா மாலையில் இருந்தது" என்றார். பற்றுப் பொடி அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. அப்படி ஓர் அடையாளம் சொன்னால் அந்தக் காசு அவருடையதுதான், நாம் மல்லுக்கு நிற்கக் கூடாது. ஆனால் வெறுமனே "ராஜா தலைக் காசு, இன்ன வருஷம்" என்று மட்டும் சொன்னால் அது போதாது. ஒரே வருஷத்துக் காசு ஊரெங்கும் கிடக்கிறது. அப்படி இருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆவது பிரிவில் இடைக்காலமாகத் திரும்பக் கேட்டு மனுப் போடலாம். பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு, போட்டோவும் மகஜரும் (கைப்பற்றிய பொருளை விவரித்து எழுதும் தாள்) வைத்துக்கொண்டு, நகையை உரியவரிடம் கொடுத்துவிடலாம் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002இலேயே உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது.

கைப்பற்றும்போது மகஜரில் எடை, எண்ணிக்கை, தழும்பு எல்லாம் எழுதச் சொல்லி ஒரு நகல் வாங்குங்கள். இப்போது கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. "இரண்டு காசு" என்று மட்டும் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

எஃப்ஐஆர் நகலையும் கேட்டுப் பாருங்கள். திருட்டு என்றால், திருடனிடம் இல்லாத உரிமை அடகுக் கடைக்காரருக்கும் வராது, உங்களுக்கும் வராது. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் 27ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் காசின் சொந்தக்காரரே யாரிடமோ ஏமாந்து விற்று, அந்த ஆள் கடையில் கொடுத்தது என்றால் கதை வேறு. அந்த விற்பனையைச் சொந்தக்காரர் ரத்து செய்வதற்கு முன் நீங்கள் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால், 29ஆவது பிரிவில் காசு உங்களுக்கே நிற்கலாம். திருட்டா, மோசடியா என்ற ஒரு சொல்லில் இவ்வளவு இருக்கிறது.

பணம் யாரிடம் கேட்பது? கடைக்காரரிடம்தான். விற்கிறவருக்கு விற்கும் உரிமை இருக்கிறது என்பது ஒவ்வொரு விற்பனையிலும் சொல்லாமலே அடங்கிய நிபந்தனை, அதே சட்டத்தின் 14ஆவது பிரிவு. "குறைத்துக் கேட்டீங்களே" என்பது அதற்குப் பதில் ஆகாது. அவர் கையெழுத்தில் இருக்கும் துண்டுச் சீட்டும், அவர் கணக்குக்குப் போன 1,00,000 ரூபாயும் சேர்ந்தால் விற்பனை நடந்ததை அவர் மறுக்க முடியாது. சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், மை மங்கிவிடப் போகிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் கொடுங்கள். வரவில்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். இடையில் அவர் கூப்பிட்டு, "வேற காசு ரெண்டு தர்றேன், இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்க" என்று சொன்னால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வக்கீல் பார்க்கும்வரை போடாதீர்கள்.

அவரிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இந்தக் காசு உங்கள் கைக்கு எப்படி வந்தது? மூழ்கிப்போன அடகு என்றால் அதற்கு முறை இருக்கிறது. தமிழ்நாட்டில் 1943ஆம் ஆண்டு அடகுபிடிப்போர் சட்டப்படி, மீட்க ஒரு வருஷமும் 7 நாளும் கொடுத்து, அதற்குப் பிறகு பொது ஏலத்தில்தான் விற்க வேண்டும். மேசைக்கு அடியிலிருந்து எடுத்து உங்களுக்கு விற்கக் கூடாது. ஏலத்தில் அவரே எடுத்திருந்தால் ஏலப் பதிவு இருக்கும். வெளியாளிடம் வாங்கியது என்றால் வாங்கிய சீட்டு இருக்கும். எதுவும் இல்லையென்றால், அவருக்கு உரிமம் கொடுக்கும் தாசில்தாருக்கு எழுதுங்கள். கடன்காரர்கள் பலர் நியாயமான ஏலமே இல்லாமல் நகையை இழக்கிறார்கள். அந்த வயிற்றெரிச்சல் நகை உங்கள் மகள் கழுத்தில் ஏற வேண்டாம்.

இனி வாங்கப் போகும் ஐந்து. அடகுக் கடையில் வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். உரிமமும் ஏலப் பதிவும் காட்டி, பில் போடும் கடை என்றால் தாராளமாக வாங்கலாம். விலை பேசுவதற்கு முன் இரண்டு நகைக்கடையில், "என்னிடம் பழைய பவுன் காசு இருந்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். அதுதான் அடிவிலை. அன்றைய போர்டு ரேட் மேல்விலை. இரண்டுக்கும் நடுவில் எங்கே முடித்தாலும் நியாயமான பேரம். பழைய காசுக்குச் செய்கூலி, சேதாரம் என்று கேட்டால் கொடுக்காதீர்கள். 8 கிராம் என்று கணக்குப் போட்டால், தராசில் வைத்து உள்ள எடைக்குப் போடச் சொல்லுங்கள். பற்றுத் தழும்பு இருந்தால் கழிவு கேளுங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் டச், அதாவது தங்கத்தின் சுத்தம், பார்க்கும் இடங்கள் உண்டு, அங்கே போய் ஒரு முறை பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அடிவிலைக்கும் கீழே ஒருவர் தந்தால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். நகைக்கடைக்குக் கொடுத்தாலே கூடக் கிடைக்கும் என்றிருக்கும்போது, அவர் ஏன் உங்களுக்குக் குறைத்து விற்கிறார்?

பில்லில் காசின் வருஷமும் எடையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். காசின் வயது நூறு வருஷத்தைத் தாண்டியிருந்தால் அது சட்டப்படி தொல்பொருள். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் அந்தக் காசு மாலையை மகள் தன்னோடு எடுத்துப் போக முடியாது, அதையும் மனதில் வையுங்கள்.

வக்கீல் செலவுக்கு யோசிக்காதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100க்குப் போன் செய்தால் சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வழி சொல்வார்கள். போகும்போது துண்டுச் சீட்டு, போனில் பணம் போன பதிவு, பாஸ்புக், மிளகுச் சீட்டு நான்கையும் கொண்டுபோங்கள். மீதி மூன்று காசு வீட்டிலேயே இருக்கட்டும். இந்த வழக்கு ஒரு நிலைக்கு வரும்வரை அவற்றை ஆசாரியிடம் மாலைக்குக் கொடுக்க வேண்டாம்.