இட்லிக் கடை முதல் அரிசி மூட்டை வரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மாலையில் வீட்டு வாசலில் இட்லி, பணியாரம் விற்கிறேன். உணவுப் பாதுகாப்பு உரிமம் வாங்கித் தர ஒருவர் 3,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் அளவு வியாபாரத்துக்கு உரிமம் தேவையில்லை. பதிவுச் சான்று போதும். அதன் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். புகைப்படமும் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போங்கள். 2011-ஆம் ஆண்டு விதிமுறையில் இன்னொன்றும் இருக்கிறது: விண்ணப்பித்து 30 நாட்களுக்குள் எந்த முடிவும் தெரிவிக்கப்படாவிட்டால் தொழிலைத் தொடங்கிக்கொள்ளலாம். இதை எந்த அலுவலகச் சுவரிலும் எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. நூறு ரூபாய் வேலைக்கு மூவாயிரம் கேட்கும் தரகர் முளைப்பதற்குக் காரணம், அடுப்படியில் நிற்பவருக்குப் புரியாத படிவம்தான். அதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

கேள்வி: வாடிக்கையாளர் கொண்டுவரும் பாட்டிலில் செக்கு எண்ணெயை அளந்து ஊற்றுவது குற்றமா?
– வாசகர், காங்கேயம்

பதில்: விதிப்படி குற்றம்தான். சமையல் எண்ணெயை அடைத்து, லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு காரணமில்லாமல் வரவில்லை. 1998-இல் டெல்லியில் பிரம்மதண்டு என்ற நச்சுச் செடியின் விதை எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் பலர் இறந்தார்கள். அதன் பிறகே கட்டாயம் வந்தது. ஆனால் எங்கிருந்தோ பீப்பாயில் வரும் எண்ணெயும், கண்ணெதிரே கடலையைக் கொட்டி ஆட்டும் எண்ணெயும் ஒன்றா? பொதுநலன் கருதி, குறிப்பிட்ட காலத்துக்கு விலக்கு அளிக்க மாநில அரசுக்கு அதே விதியில் அதிகாரம் இருக்கிறது. செக்குக்காரர்கள் சேர்ந்து கேட்க வேண்டியது அதைத்தான்.

கேள்வி: பிளாஸ்டிக் கூடாது, செய்தித்தாளும் கூடாது என்கிறார்கள். பஜ்ஜியை எதில் கொடுப்பது?
– வாசகர், விழுப்புரம்

பதில்: இதில் நான் விதியின் பக்கம். சூடான எண்ணெயில் அச்சு மை ஊறி வயிற்றுக்குள் போகிறது. வாழை இலைத் துண்டு, மந்தாரை இலை, தொன்னை இருக்கின்றன.

கேள்வி: மாதிரி என்று சொல்லி அதிகாரி என் கடை மிக்சரைப் பணம் கொடுக்காமல் எடுத்துப் போனார். கேட்க முடியுமா?
– வாசகர், சாத்தூர்

பதில்: தாராளமாக. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 38-ஆம் பிரிவுப்படி, எடுக்கும் மாதிரிக்கு நீங்கள் வழக்கமாக விற்கும் விலையைக் கொடுத்தாக வேண்டும். 47-ஆம் பிரிவுப்படி மாதிரியை நான்காகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். கேட்டால்தான் அனுப்புவார்கள். குறை கண்டு திருத்த நோட்டீஸ் கொடுத்தால் குறைந்தது 14 நாள் அவகாசம் உண்டு. காரணமின்றிப் பொருளைப் பறிமுதல் செய்து தொல்லை கொடுக்கும் அதிகாரிக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 39-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் பொய்ப் புகார் கொடுத்தால் அபராதம் உங்கள் மீது திரும்பும். கையில் சான்று இருந்தால் மட்டும் போங்கள்.

கேள்வி: அரிசி மூட்டை ஏன் 26 கிலோவாக வருகிறது?
– வாசகி, ஆரணி

பதில்: 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. ஒரு கிலோ கூட்டினால் வரி இல்லை. மூட்டையாக வாங்க வசதி உள்ளவருக்கு விலக்கு, ஐந்து கிலோ பை வாங்கும் கூலித் தொழிலாளிக்கு வரி என்பது அநியாயம். மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக அளந்து கொடுக்கும் அரிசிக்கும் இந்த வரி கிடையாது. கடையில் அப்படிக் கேட்டு வாங்குங்கள்.