கரும்புத் தோட்டக் கூலியாகக் கடல் கடந்த மூதாதையரைப் பற்றிக் கதையோ கவிதையோ எழுத எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: "எங்கள் பூட்டன் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர். குடும்பத்தில் மிஞ்சியிருப்பது அவர் பெயரும் ஒரு கப்பலின் பெயரும்தான். இதை வைத்து எழுத முடியுமா? அடிமைமுறையின் எச்சத்தை அதில் எப்படிச் சொல்வது?"

முடியும். ஆனால் கப்பலில் தொடங்காதீர்கள். இந்தப் பொருளில் வரும் முதல் முயற்சிகளில் பெரும்பாலானவை கப்பல் தளத்தில்தான் தொடங்குகின்றன. கரிய கடல், விம்மல், கண்ணிலிருந்து மறையும் கரை. பிஜித் தீவின் பெண்களைப் பாரதி பாடிய நாளிலிருந்து அந்த அழுகுரல் நம் காதில் இருக்கிறது. புதிதாக எழுதுகிறவர் அதையே இன்னொரு முறை சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார், உங்கள் பூட்டனும் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகிறார். அவரைத் தனி ஆளாக வெளியே எடுக்க வேண்டுமென்றால் முதலில் கப்பலேறிய கூலிகளை ஆளுக்கொரு வரியாகக் குறித்த குடியேற்றப் பதிவேட்டில் அவருடைய வரியைத் தேட வேண்டும்.

எந்த நாட்டுக்குப் போனார் என்பதைப் பொறுத்துத் தேடும் இடம் மாறும். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்றால் உங்களுக்கு வாய்ப்பு அதிகம். சென்னையிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்த 1860 நவம்பர் 16 முதல் 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்டோர் அங்கே போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் உண்டு. கப்பல் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, கணினியில் ஏற்றப்பட்ட பட்டியல்களும் உண்டு. மொரீஷியஸ் என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணப் பிரிவு. அங்கே சிலருடைய புகைப்படம்கூடக் கிடைக்கும். பிஜி என்றால் சூவாவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் குடியேற்றச் சீட்டுகள். பிஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல் போனது 1903 முதல்தான். அதற்கு முன்பு போனார் என்று குடும்பத்தில் சொன்னால் நாடோ காலமோ தவறியிருக்கலாம், அல்லது அவர் கல்கத்தாவில் ஏறியிருக்கலாம். பிரெஞ்சுத் தீவுகளான ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் என்றால் பெரும்பாலும் பாண்டிச்சேரி, காரைக்கால் வழி.

குடும்பம் சொல்லும் கப்பல் பெயரை முழுதாக நம்பி இறங்க வேண்டாம். முதலில் வந்த கப்பலின் பெயர் புகழ்பெற்றுவிட்டதால், பின்னால் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அதையே சொல்லும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. பெயரை வைத்துத் தேடும்போதும் ஒரு சிக்கல் வரும். அதை எழுதியவர் தமிழ் அறியாத எழுத்தர், காதில் விழுந்ததை எழுதியவர். முத்துசாமியின் 'உ' ஒலிக்கு ஆங்கில எழுத்தர் இரட்டை 'ஓ' போட்டார், பிரெஞ்சு எழுத்தர் 'ஓ'வும் 'யூ'வும் சேர்த்துப் போட்டார். வீரப்பனின் 'பன்' மொரீஷியஸில் 'பென்' ஆனது. படையாச்சியும் கவுண்டரும் முதலியும் தென்னாப்பிரிக்காவில் குடும்பப் பெயர்களாகி, 'கவெண்டர்', 'மூட்லி' என்று நிலைத்துவிட்டன. எனவே ஒரே பெயரை நான்கைந்து எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் தகப்பன் பெயர், ஊர், வந்த ஆண்டு மூன்றையும் இணைத்துத் தேடுங்கள். நேட்டாலில் பிறந்த பிள்ளைகளின் பழைய பிறப்புச் சான்று வீட்டில் இருந்தால் பெற்றோரின் எண் அதிலேயே இருக்க வாய்ப்புண்டு. எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அந்த ஒரு வரியில் எழுத்துக்கான சரக்கு நிறைய இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலில் உள்ள அடையாளம், எந்த முதலாளி, பிறகு என்ன ஆனார். ஒவ்வொரு பத்தியையும், அதாவது பதிவேட்டின் ஒவ்வொரு கட்டத்தையும், ஒவ்வொரு விதமாகப் படிக்க வேண்டும். வயது ஆளைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டது, அதைக் கொண்டு பிறந்த ஆண்டைக் கணக்கிட்டுக் கதையில் உறுதியாகச் சொல்லாதீர்கள். சாதிப் பத்தி அதைவிட நம்பத்தகாதது. சிலர் அந்த மேசையின் முன்னால் வேறு சாதியைச் சொன்னார்கள். 'மலபார்' என்று பொதுவாக எழுதப்பட்டிருந்தால் தென்னிந்தியர், பெரும்பாலும் தமிழர், என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஜில்லா பழைய எல்லைப்படி இருக்கும். வட ஆற்காடு என்றால் இன்றைய வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்தை மட்டும் தேடினால் போதாது; 1911-ல் தனி மாவட்டமான சித்தூரும் அதில் பெரும்பாலும் அடங்கியிருந்தது.

உடல் அடையாளப் பத்திதான் கவிதை எழுதுபவருக்குக் கிடைக்கும் பெரிய செல்வம் என்பேன். இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் பச்சை குத்தியது, மார்பில் மச்சம் என்ற வகையில் இருக்கும். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதப்பட்ட குறிப்பு அது. புகைப்படம் இல்லாவிட்டால் அவருடைய உடம்பைப் பற்றி உலகத்தில் எஞ்சியிருக்கும் ஒரே சாட்சியமும் அதுதான். அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று பதிவேடு சொல்லாது. அங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது. கப்பலிலிருந்து பின்னால் நடந்து அந்த ஊருக்குப் போங்கள்.

ஊருக்குப் போனால் அடிமைமுறை ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருப்பதைக் காண்பீர்கள். தமிழில் எழுதப்படும் புலம்பெயர்வுக் கதைகள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் இடம் இது. ஆளை விற்றும் ஒற்றி வைத்தும் எழுதப்பட்ட ஓலைகள் நம்மிடம் உண்டு. சுந்தரரின் திருமணப் பந்தலில் கிழவர் நீட்டியதும் ஓர் ஆளோலைதான். கேட்பவர் யாருக்கும் அந்தச் சொல்லை விளக்க வேண்டியிருக்கவில்லை. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் முக்கியமாக நீதிமன்றங்கள் அடிமை உரிமையை ஏற்கக் கூடாது என்றுதான் சொன்னது. அடிமையை வைத்திருப்பது குற்றமானது அதற்குப் பிறகு வந்த தண்டனைச் சட்டத்தில். தஞ்சை வயல்களில் பண்ணையாள் முறை பெயர் மாறித் தொடர்ந்தது. உங்கள் பூட்டன் நிலமற்ற சாதியில் பிறந்தவர் என்றால், ஆள்பிடிக்க வந்தவன் சொன்ன ஐந்து வருட ஒப்பந்தக் கெடு அவர் காதில் எப்படி ஒலித்திருக்கும் என்று யோசியுங்கள். முடிவுநாள் உள்ள வேலை என்பதே அவர் அறியாத ஒன்றாக இருந்திருக்கலாம். அவர் ஏமாந்தும் போயிருக்கலாம், தப்பித்தும் போயிருக்கலாம், இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம். அவரை வெறும் பலியாடாக எழுதினால் இந்த முடிச்சு முழுதும் கைநழுவிவிடும்.

ஏறிய ஆண்டைப் பஞ்ச ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1876 முதல் 1878 வரையான தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி இருந்தால் கதையின் முதல் பக்கம் ஏரி வறண்ட ஊரில் நடக்கும். பஞ்சமில்லாத ஆண்டு என்றால் கடன், குடும்பச் சண்டை, காதல், சாதிக் கட்டுப்பாடு என்று வேறு காரணத்தைத் தேட வேண்டும். பெண் தனியாகப் போயிருந்தால் இன்னும் கவனமாக இருங்கள். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற விதி இருந்ததால் பெண்களைச் சேர்ப்பதில் ஆள்பிடிப்பவர்களுக்கு நெருக்கடி இருந்தது. தனியாக வந்த பெண்களை ஒழுக்கம் கெட்டவர்கள் என்று அதிகாரிகள் எழுதி வைத்ததை அப்படியே கதையில் வாங்கிக்கொள்ளாதீர்கள். விதவைகளும் கணவனை விட்டு வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

இனி மறு கரை. பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை ஒழிப்புச் சட்டம் 1834 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்தது. மொரீஷியஸில் 1835 பிப்ரவரி 1. இழப்பீடாக ஒதுக்கிய 2 கோடி பவுன் அடிமைகளின் உடைமையாளர்களுக்குப் போனது, விடுதலை பெற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. விடுதலையானவர்கள் தோட்டத்தை விட்டு விலக, அந்த இடத்தை நிரப்ப நம் ஆட்கள் வந்தார்கள். மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில், கூலிகள் வந்திறங்கிய நிலையமான ஆப்ரவாசி காட்டின் படிகளில் ஏறியவர்கள் பலர், முன்பு அடிமைகளை வேலை வாங்கிய அதே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஆனாலும் 'ஒப்பந்தக் கூலியும் அடிமைதான்' என்று ஒரே வரியில் முடிப்பது இருவருக்கும் செய்யும் அநியாயம். ஒப்பந்தக் கூலியை விற்க முடியாது, அவர் பிள்ளை முதலாளியின் சொத்தல்ல, கெடு முடியும். அதே சமயம் வேலைக்கு வராதது குற்றம், அனுமதிச் சீட்டில்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் சிறை. மொரீஷியஸில் ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிக்கும் 'இரட்டை வெட்டு' இருந்தது. இந்த நுணுக்கங்களைக் காட்சியாக்கினால் அடிமைமுறையின் எச்சம் தானாகத் தெரியும், அந்தச் சொல்லைக் கதையில் எழுதவே தேவையிருக்காது. நேட்டால் கதை என்றால், சம்பள நாளன்று முதல் வருட மாதக் கூலி 10 ஷில்லிங்கில் எவ்வளவு கைக்கு வந்தது என்று எண்ணும் ஒரு காட்சி போதும்.

ஆப்பிரிக்க வம்சாவளியினரைப் பின்னணிப் படமாக வைத்துவிடாதீர்கள். மொரீஷியஸ் கதை என்றால் கிரியோல் மக்களும், தப்பியோடிய அடிமைகள் ஒளிந்திருந்த லெ மோர்ன் மலையும் அங்கே இருக்கின்றன. நேட்டால் கதை என்றால் சுலு மக்களின் நிலம் அது. பேரும் பேச்சும் உள்ள ஒரு பாத்திரமாவது அந்தப் பக்கத்திலிருந்து வரட்டும்.

தமிழ்க் கரையிலிருந்து நேரடியாக அடிமைகளாகவே போனவர்களும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரர்கள் பஞ்சக் காலங்களில் மனிதர்களை வாங்கிப் பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள், நன்னம்பிக்கை முனைக்கும் இந்தியர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பெயருக்குப் பின்னால் 'வான் கொரமாண்டல்', அதாவது சோழமண்டலக் கரையைச் சேர்ந்தவர், என்று வந்த இடம் ஒட்டிக்கொண்டது, சிலருக்கு மாதத்தின் பெயரே பெயரானது. உங்கள் தேடல் அந்தப் பக்கம் போனால் தகப்பன் பெயரை எதிர்பார்க்காதீர்கள்.

இலங்கை, மலாயா என்றால் வழி வேறு. ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி மூலம் போனவர்களுக்கு நேட்டாலைப் போல ஆளுக்கொரு வரி கிடைப்பது அரிது. தோட்டத்தின் பெயர், லயம் (தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடு), கோயில் திருவிழா, தாத்தா பாட்டி பாடிய பாட்டு இவைதான் ஆவணம். பெரியவர்களிடம் 'வரலாறு சொல்லுங்கள்' என்றால் பாடப்புத்தகம்தான் வரும். 'பெரட்டுக்கு (காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் கூட்டம்) எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், கங்காணி எந்த ஊர்க்காரர், ஒப்பாரியில் எந்த ஊர் பெயர் வரும்' என்று கேளுங்கள். பாட்டைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், இடையில் நிறுத்தாதீர்கள்.

வடிவத்துக்கு வருகிறேன். கவிதைக்கு ஒப்பாரி உதவும், ஏனென்றால் அது செத்தவரை நேரே 'நீ' என்று கூப்பிட்டுப் பேசுகிறது, வரிசையாக அடுக்குகிறது. பாலைத்திணையை நினைத்து எழுதினால் ஒரு தடை வரும்: அங்கே பொருள்தேடிப் போனவன் திரும்புவான் என்ற நம்பிக்கை பாட்டைத் தாங்குகிறது, இங்கே பெரும்பாலோர் திரும்பவில்லை. கருப்பொருளும் அந்தத் தீவிலிருந்துதான் வர வேண்டும், கள்ளியும் பருந்தும் அங்கே பொருந்தாது. பதிவேட்டின் பத்திகளையே பகுதித் தலைப்புகளாக வைத்து, தலைப்புக்கு மூன்று நான்கு வரியில் முதல் வரைவை எழுதிப் பாருங்கள். காலியாக உள்ள பத்தியைக் காலியாகவே விடுங்கள். கதையில் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாமல் 'இருந்திருக்கும்', 'நடந்திருக்கலாம்' என்ற வினைகளால் நடத்திச் செல்லலாம். ஆனால் நான்கு பக்கத்துக்கு மேல் அது சலிக்கும், பிறகு துணிந்து நேரடியாகச் சொல்லிவிட வேண்டும்.

வழக்கமாக வரும் காலப் பிழைகள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1850-களின் கண்டி மலையில் தேயிலை வரக் கூடாது, அப்போது கோப்பி (காப்பி). அக்கால மலாயாவில் ரப்பர் கூடாது. பாத்திரங்கள் 'தமிழ்நாடு' என்று பேச மாட்டார்கள், ஊரையோ ஜில்லாவையோதான் சொல்வார்கள். பாய்மரக் கப்பலுக்கும் நீராவிக் கப்பலுக்கும் பயண நாட்கள் பல வாரம் மாறும். 1879-ல் கல்கத்தாவிலிருந்து பிஜி போன லியோனிடாஸ் என்ற பாய்மரக் கப்பலுக்கு 72 நாள் ஆனது.

எழுதி முடித்ததும் குடும்பத்தில் உயிரோடிருப்பவர்களிடம் சாதி, பெயர், திருமணம் பற்றிய பகுதிகளைக் காட்டிச் சம்மதம் கேளுங்கள். சிலர் மூன்று தலைமுறையாக மறைத்து வைத்த செய்தி அந்தப் பத்தியில் இருக்கக்கூடும். வெளியிடும்போது கடைசியில் இரண்டு வரிக் குறிப்புப் போடுங்கள்: எவை பதிவேட்டில் இருந்தவை, எவை நீங்கள் புனைந்தவை. பதிவேட்டு எண்ணையும் அதில் சேர்த்துவிட்டால் அதே கப்பலில் வந்த வேறொருவரின் பேத்தி உங்களைத் தேடி வர முடியும்.