ரெண்டாயிரம் வரி ஒரே ஃபைல்ல இருந்தா தப்பா?

கேள்வி: வணக்கம் அண்ணா, எங்க மாமாவோட மாங்கா மண்டிக்கு பைத்தான்ல வெப் ஆப் எழுத உதவுற ஃபிளாஸ்க்ங்கற டூல வச்சு சின்னதா ஒரு ஆப் எழுதிருக்கேன். லோடு வரவு, பில், விவசாயி கணக்கு எல்லாம் ஒரே ஃபைல்ல, 2,000 வரி தாண்டிருச்சு. போன சீசன்ல கழிவை (லோடு எடையில கழிக்கற பங்கு) 5%-ல இருந்து 4% ஆக்கினோம், பில்லுல மாத்திட்டேன், கணக்குல மாத்த மறந்துட்டேன், பெங்களூரா ரக மாங்கா ஏத்திட்டு வந்த ஒரு பெரியவர் ரெண்டு சீட்டையும் பக்கத்துல வச்சு காட்டி மானத்த வாங்கிட்டாரு. மாடல் (டேட்டா), வியூ (திரைல தெரியறது), கன்ட்ரோலர் (ரெண்டையும் இணைக்கறது)னு ஃபோல்டர் பிரிச்சா சரியாயிடுமா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தம்பி, மொதல்ல அந்தப் பெரியவருக்கு ஒரு கும்பிடு போடுங்க, அவர மாதிரி டெஸ்டர் சம்பளம் குடுத்தாலும் கிடைக்க மாட்டாங்க. 2,000 வரி பிரச்சனையே இல்ல, ஒரே கழிவு கணக்க ரெண்டு எடத்துல எழுதினதுதான் பிரச்சனை. ஃபோல்டர் பிரிச்சா அதே கணக்கு ரெண்டு ஃபோல்டர்ல உக்காந்திருக்கும், அவ்ளோதான்.

அதனால அத ஒரு ஃபங்ஷனா வெளிய எடுங்க. எடையும் கழிவு சதவீதமும் உள்ள போகணும், நிகர எடை வெளிய வரணும், டேட்டாபேஸ், எச்டிஎம்எல் எதுவும் உள்ள எட்டிப் பாக்கக் கூடாது. 1,000 கிலோ, 4% குடுத்தா 960 வருதான்னு ஒரு டெஸ்ட் எழுதி வச்சிருங்க. இன்னொண்ணு, சதவீதத்த ஒவ்வொரு லோடோடயும் டேபிள்லயே சேத்து வைங்க, இல்லேன்னா போன வருச பில்ல இன்னொரு தடவ பிரிண்ட் எடுத்தா புது கழிவுல வந்து நிக்கும், பெரியவர் திரும்ப வருவாரு.

நீங்க கேட்ட மாடல்-வியூ-கன்ட்ரோலர், சுருக்கமா எம்விசி, 1979-ல ஜெராக்ஸ் கம்பெனியோட 'பார்க்' ஆராய்ச்சிக் கூடத்துல ட்ரிக்வே ரீன்ஸ்காக்ங்கறவர் யோசிச்சது, நல்ல யோசனைதான், ஆனா உங்க அளவுக்கு அத ஃபோல்டராவே போட்டா, லோடுல வண்டி நம்பர்னு ஒரு கட்டம் சேக்கறதுக்கு மூணு ஃபோல்டர் தொறக்கணும். வேலைய வச்சு பிரிங்க: லோடு ஒரு ஃபைல், பில் ஒண்ணு, கணக்கு ஒண்ணு. ஃபிளாஸ்க்ல புளூபிரிண்ட்னு இருக்கறது இதுக்குத்தான்.

பிரிச்சதும் 'சர்குலர் இம்போர்ட்'னு எரர் வரலாம். மெயின் ஃபைல் பில்ல கூப்பிடும், பில்லு டேட்டாபேஸுக்காக மெயின் ஃபைலயே திரும்பக் கூப்பிடும், அதான் காரணம். டேட்டாபேஸ் ஆப்ஜெக்ட்ட தனி ஃபைலுக்கு மாத்திட்டா தீந்துச்சு.

ஒரே ராத்திரில எல்லாத்தயும் பிரிச்சுப் போட்டுடாதீங்க. ஒண்ண மாத்து, ஓட்டிப் பாரு, கிட்ல (கோடோட ஒவ்வொரு மாத்தத்தையும் சேமிச்சு வைக்கற டூல்) கமிட் போடு, அப்புறம் அடுத்தது. மண்டில லாரி நிக்கற நாள்ல மட்டும் கை வைக்காதீங்க.